ஈரலுக்குச் சென்ற தூது

பேரச்சத்தைச் சொல்ல வந்த நம் முன்னோர், ‘ஈரக்குலை நடுங்கிற்று’ என்றார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், ‘என் ஈரக்குலையே பதறுதே’ என்று கூறும் தாய்மாரை இன்றும் நாம் காண்கிறோம். உடலில் எங்கோ நேர்ந்த தீங்கு ஈரலைச் சென்று தொடுகிறது என்று அவர்கள் எண்ணினார்கள் போலும். அது பேச்சு வழக்கு, மருத்துவம் அன்று. ஆயினும், காலில் சீழ் வைத்த புண்ணின் செய்தி சில மணி நேரத்திற்குள் கல்லீரலைச் சென்றடைகிறது என்பதும், அச்செய்தியைக் கேட்ட கல்லீரல் தன் அன்றாட வேலைகளில் பலவற்றை மாற்றிக்கொள்கிறது என்பதும் இன்று ஐயத்திற்கு இடமின்றி நிறுவப்பட்ட உண்மைகள்.

நான் மருத்துவன் அல்லன். குருமடத்தில் மெய்யியலும் இறையியலும் பயின்றவன். ஆனால் நோயாளரைக் காண வீடு வீடாகச் செல்லும் பங்குக் குருவின் கையில் எப்படியோ ஓர் இரத்தப் பரிசோதனைத் தாள் வந்து சேர்ந்துவிடுகிறது. “சாமி, இதுல என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க” என்று நீட்டுவார்கள். ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவருக்கு எல்லாம் தெரியும் என்பது நம் மக்களின் நம்பிக்கை. ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., ஃபெரிட்டின், ஆல்புமின் என்று வரிசையாக எழுதியிருக்கும். சில எண்களின் அருகே தடித்த எழுத்தில் ஓர் அம்புக்குறி இருக்கும். அந்த அம்புக்குறியைக் கண்டே பாதி நோய் கூடிவிடும் சிலருக்கு. மருத்துவ நண்பர்களைக் கேட்டும், நூல்களைப் புரட்டியும் நான் தெரிந்துகொண்டதில் என்னை மிகவும் வியக்கவைத்தது ஒன்றுண்டு. இந்த எண்களுள் பல, நோய் தானே எழுதிய எண்கள் அல்ல. நோயைப் பற்றிய செய்தி கேட்டுக் கல்லீரல் எழுதிய மறுமொழிகள்.

இதை விளங்கிக்கொள்ள, ‘அழற்சி’ என்ற சொல்லிலிருந்து தொடங்க வேண்டும். குருமடத்தில் கற்ற சொற்ப இலத்தீன் எனக்கு இங்கே கைகொடுத்தது. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த செல்சுஸ் என்னும் உரோமை எழுத்தாளர் அழற்சிக்கு நான்கு அடையாளங்களைக் குறித்து வைத்தார்: ருபோர், தூமோர், காலோர், தோலோர். அதாவது சிவத்தல், வீங்குதல், சூடேறுதல், வலித்தல். புண்பட்ட இடத்தில் நம் கண்ணுக்கும் கைக்கும் தெரிபவை இவையே. கண்ணுக்குத் தெரியாத ஐந்தாவது வேலை ஒன்றும் அங்கே நடைபெறுகிறது. அவ்விடத்திற்கு விரைந்து வந்த வெள்ளணுக்களும், கிருமிகளை விழுங்கும் அணுக்களும் மிகச் சிறிய புரதத் துணுக்குகளைக் குருதியில் கலந்து விடுகின்றன. சைட்டோகைன் என்பது இவற்றின் பொதுப் பெயர். இவை தூதுப் பொருள்கள். தாமே கிருமியைக் கொல்வதில்லை. மற்ற உறுப்புகளுக்குச் செய்தி கொண்டு செல்கின்றன.

கல்லீரலுக்குச் செல்லும் தூதுகளுள் தலைமையானது இன்டர்லூக்கின்-6. இதன் வரலாறே சுவையானது. சப்பான் நாட்டில் ஒசாகா பல்கலைக்கழகத்தில் தடமிட்சு கிஷிமோட்டோ, டோஷியோ ஹிரானோ ஆகியோரின் குழு, வெள்ளணுக்களில் ஒருவகையை எதிர்ப்பொருள் சுரக்கத் தூண்டும் ஒரு பொருளைத் தேடி, 1986ஆம் ஆண்டில் அதன் மரபணுவைப் பிரித்தெடுத்தது. வேறிடங்களில் வேறு ஆய்வாளர்கள், கல்லீரல் உயிரணுவைத் தூண்டிவிடும் ஒரு பொருளைத் தனியாகத் தேடிக்கொண்டிருந்தார்கள். இன்னும் சிலர் இன்னும் சில பெயர்களில். கடைசியில் பார்த்தால் எல்லாரும் தேடியது ஒன்றையே! ஒரே ஆளை ஒரு தெருவில் தச்சர் என்றும், மறு தெருவில் பாடகர் என்றும் அறிந்திருந்ததைப் போன்றது இது. 1980களின் இறுதியில் அனைவரும் ஒரே பெயருக்கு இசைந்தனர்.

இந்தத் தூது கல்லீரலுக்குள் எவ்வாறு நுழைகிறது? அது உயிரணுவின் உள்ளே செல்வதே இல்லை. உயிரணுவின் மேற்புறத்தில் இதற்கென்றே அமைந்த ஏற்பி ஒன்று உண்டு. தூது அதில் பொருந்தியதும், உட்புறத்தில் உள்ள ‘ஸ்டாட்-3’ என்னும் புரதம் விழித்தெழுந்து உயிரணுவின் கருவுக்குள் சென்று, இன்னின்ன மரபணுக்கள் வேலை தொடங்குக என்று ஏவுகிறது. வாசற்படியில் தந்தியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் ஓடும் பிள்ளையைப் போல என்று வைத்துக்கொள்ளலாம். (தந்தியைக் கண்டிராத இளைய வாசகர்கள் தம் பாட்டனாரைக் கேட்டுத் தெரிந்துகொள்வார்களாக.)

வளர்ந்த மனிதரின் கல்லீரல் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடையுள்ளது. குருதியில் மிதக்கும் புரதங்களில் பெரும்பகுதியை அதுவே ஆக்கித் தருகிறது. அமைதிக் காலத்தில் அது மிகுதியாகச் செய்வது ஆல்புமின். இது இரத்தக் குழாய்களுக்குள் நீரைப் பிடித்து வைக்கவும், பல பொருள்களைச் சுமந்து செல்லவும் உதவுகிறது. இன்டர்லூக்கின்-6 வந்து சேர்ந்ததும், ஆல்புமின் ஆக்கும் வேலை குறைகிறது; சி-ரியாக்டிவ் புரதம், ஃபைப்ரினோஜென் முதலிய வேறு புரதங்களை ஆக்கும் வேலை பெருகுகிறது. போர்க்காலத்தில் கலப்பைப் பட்டறை வாள் அடிக்கத் தொடங்குவதை ஒத்தது இது. ஆகவே, நெடுநாள் நோயாளியின் ஆல்புமின் குறைந்திருந்தால், ‘முட்டை போதவில்லை’ என்பது மட்டுமே காரணம் என்று கொள்வதற்கில்லை. ஊட்டக்குறைவு உண்மையாகவே இருக்கலாம். ஆயினும் உள்ளே எரியும் நெருப்பும் அந்த எண்ணைக் கீழே இழுக்கும்.

ஈ.எஸ்.ஆர். என்பது இரத்தத்தை ஒரு மெல்லிய கண்ணாடிக் குழாயில் நிறுத்திவைத்து, ஒரு மணி நேரத்தில் சிவப்பணுக்கள் எத்தனை மில்லிமீட்டர் கீழே இறங்குகின்றன என்று பார்க்கும் எளிய சோதனை. சின்னஞ்சிறு ஊர்களிலும் செய்கிறார்கள். ஃபைப்ரினோஜென் மிகுந்தால் சிவப்பணுக்கள் காசுகளை அடுக்கியதுபோல ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கனம் கூடி விரைவாக இறங்கும். அந்த ஃபைப்ரினோஜெனை ஆக்கியது கல்லீரல். ஆக்கச் சொன்னது தூது. சி.ஆர்.பி.யும் இவ்வாறே. 1930ஆம் ஆண்டில் நியூயார்க் நகரின் ராக்கஃபெல்லர் ஆய்வு நிலையத்தில் வில்லியம் டில்லெட், தாமஸ் பிரான்சிஸ் என்னும் இருவர், நிமோனியாக் காய்ச்சல் கண்டவர்களின் இரத்தத் தெளிவில் இதைக் கண்டனர். நோய் முற்றிய நாள்களில் அது தோன்றிற்று. நோயாளி தேறியதும் மறைந்தது. கிருமி உண்டாக்கிய பொருள் அன்று அது. நோயாளியின் கல்லீரலே உண்டாக்கியது என்பது பிற்பாடு தெளிவாயிற்று. தூது வந்த ஆறு மணி நேர அளவில் இது கூடத் தொடங்கி, இரண்டு நாள் அளவில் உச்சத்தை எட்டுகிறது. கடும் நோயில் ஆயிரம் மடங்குகூட உயரும். தூது நின்றுவிட்டாலோ, ஏறக்குறைய 19 மணி நேரத்திற்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே வரும். அதனாலேயே மருத்துவர்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் இதைப் பார்க்கச் சொல்கிறார்கள். ஈ.எஸ்.ஆர். அவ்வளவு விரைவாக இறங்காது. நோய் தணிந்த பின்னும் சில வாரங்கள் உயர்ந்தே நிற்கும். அதைக் கண்டு கலங்க வேண்டுவதில்லை.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய செய்திக்கு வருகிறேன்.

நான் முன்பு பணியாற்றிய ஒரு பங்கில், அறுபதை நெருங்கிய ஓர் அம்மையார் இருந்தார். ஒரு தவக்காலத்தில் என்னிடம் வந்து, “சாமி, மருமக தினமும் ஆட்டு ஈரல் சமைச்சுத் தர்றா. தவசு காலத்துல சாப்பிடலாமா?” என்று கேட்டார். நோயாளருக்குச் சுத்தபோசனக் கடமை இல்லை என்று சொன்னேன். பிறகுதான் அவருடைய விரல்களைப் பார்த்தேன். கணுக்கள் வீங்கி, கைகூப்பவும் இயலாதவராய் இருந்தார். காலையில் எழுந்து ஒரு மணி நேரத்திற்குக் கை மடங்காதாம். முகம் வெளுத்திருந்தது. ஹீமோகுளோபின் எட்டு என்றார்கள்.

அந்த எட்டு என்ற எண் அவ்வீட்டில் ஒரு பெரும் பிணக்கை உண்டாக்கியிருந்தது. வெளியூரில் வாழ்ந்த மகள் வந்து பார்த்துவிட்டு, “எங்கம்மாவுக்கு இந்த வீட்டுல சோறு போடுறாங்களா இல்லையா?” என்று தெருவறியக் கேட்டுவிட்டாள். மருமகள் அழுதாள், மறுநாளிலிருந்து முருங்கைக் கீரை, பேரீச்சம்பழம், மாதுளை, ஆட்டு ஈரல் என்று இருந்த காசையெல்லாம் செலவழித்தாள். மருந்துக் கடையில் கேட்டு இரும்புச் சத்து டானிக் மூன்று புட்டிகள் வாங்கினார்கள். மாதங்கள் கடந்தும் எண் எட்டிலேயே நின்றது. ‘கொடுப்பதாகச் சொல்கிறாள், கொடுப்பதில்லை’ என்று நாத்தனார் முடிவு கட்டிவிட்டாள். அண்ணனும் தங்கையும் பேச்சை நிறுத்தினார்கள்.

பின்னர் மூட்டு நோய்களைப் பார்க்கும் மருத்துவ அம்மையார் ஒருவரிடம் அவரைக் கொண்டு சென்றபோது, மகனின் வேண்டுகோளுக்கு இணங்கி நானும் உடன் சென்றிருந்தேன். அவர் தாள்களைப் பார்த்தார். இரத்தத்தில் ஓடும் இரும்பு குறைவு, ஆனால் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அதிகம். “அம்மா சாப்பிடாம இல்ல. இரும்பு உள்ளதான் இருக்கு, பூட்டி வச்சிருக்கு” என்றார்.

“யாரு பூட்டினது, டாக்டரம்மா?” என்று மகன் கேட்டான்.

“அவங்க கல்லீரல்தான்.”

இந்தப் பூட்டின் பெயர் ஹெப்சிடின். 25 அமினோ அமிலங்களே கொண்ட மிகச் சிறு புரதம். கல்லீரல் உயிரணுக்கள் சுரப்பது. அமெரிக்காவில் தோமஸ் கான்ஸ் என்பவரின் குழு, கிருமிகளைக் கொல்லும் பொருள்களை மனிதச் சிறுநீரில் தேடிக்கொண்டிருந்தபோது இதைக் கண்டு, 2001ஆம் ஆண்டில் இப்பெயரை இட்டு அறிவித்தது. அதற்கு முந்தைய ஆண்டிலேயே செருமானிய ஆய்வாளர்களும் இதைக் கண்டிருந்தனர். இது உடலின் இரும்பை ஆளும் பொருள் என்பது அடுத்தடுத்த ஆண்டுகளில் தெரியவந்தது. நம் உடலில் உள்ள இரும்பு மொத்தம் மூன்று, நான்கு கிராம் மட்டுமே. உணவிலிருந்து நாள்தோறும் ஒன்றிரண்டு மில்லிகிராம்தான் உள்ளே சேர்கிறது. புதிய சிவப்பணுக்களை ஆக்கத் தேவையான 20, 25 மில்லிகிராம் இரும்பில் பெரும்பகுதி, மடிந்த பழைய அணுக்களை உடைத்து மீட்டெடுப்பதே. அவ்வாறு மீட்கும் விழுங்கணுக்களிலிருந்தும், குடலின் உயிரணுக்களிலிருந்தும் இரும்பு குருதிக்குள் வர ஒரே ஒரு வாயில்தான் உண்டு. அதற்கு ஃபெரோபோர்ட்டின் என்று பெயர். ஹெப்சிடின் அந்த வாயிலைப் பற்றி உள்ளே இழுத்து அழித்துவிடுகிறது. வாயில் போனபின், இரும்பு இருந்தும் பயனில்லை. குடலில் எவ்வளவு டானிக் ஊற்றினாலும் அதில் மிகச் சிறிதளவே உள்ளே ஏறும். மிச்சம் வயிற்று வலியையும் கருநிற மலத்தையும் தந்துவிட்டுப் போகும்.

ஹெப்சிடினைச் சுரக்கும்படி கல்லீரலைத் தூண்டுவது நம் பழைய தூதாகிய இன்டர்லூக்கின்-6. 2004ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், உடல்நலம் மிக்க தன்னார்வலர்களுக்கு இன்டர்லூக்கின்-6ஐ நரம்பு வழியே செலுத்திப் பார்த்தார்கள். செலுத்தி முடித்த இரண்டு மணி நேரத்திற்குள் சிறுநீரில் ஹெப்சிடின் சராசரியாக ஏழரை மடங்கு கூடியிருந்தது. குருதியில் இரும்பு 34 விழுக்காடு குறைந்திருந்தது. அவர்கள் உண்ட உணவில் ஒரு குறையும் இல்லை என்பதை நோக்க வேண்டும்.

கல்லீரல் ஏன் இவ்வாறு செய்ய வேண்டும்? பெரும்பாலான கிருமிகள் பெருகுவதற்கு இரும்பு வேண்டும். பகைவன் ஊருக்குள் நுழையும்போது களஞ்சியத்தைப் பூட்டுவது பழைய காலத்து அரசர் வழக்கம். சில நாள்களில் போர் முடிந்துவிட்டால் களஞ்சியம் திறக்கப்படும். ஒரு கேடும் இல்லை. முடக்குவாதத்திலோ கிருமியே இல்லாமல் மூட்டுகள் ஆண்டுக்கணக்காகத் தூது அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. கல்லீரலுக்கு அந்த வேறுபாடு தெரியாது. தூது வரும்வரை பூட்டு. காசநோயிலும், வேறு பல நீடித்த நோய்களிலும் இதே நிகழ்வதால், காசநோய்க்குரிய மருந்தை ஒழுங்காக உட்கொண்ட பலருக்கு இரும்பு மாத்திரை இல்லாமலேயே இரத்தம் ஊறக் காண்கிறோம்.

அந்த அம்மையாருக்கு மருத்துவர் டானிக்கை நிறுத்தி, மூட்டழற்சியைத் தணிக்கும் மாத்திரையைக் கொடுத்தார். வாரத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் விழுங்க வேண்டிய மாத்திரை அது. தவறி நாள்தோறும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து என்று சொல்லி, எந்தக் கிழமை என்பதை மருமகளிடம் எழுதிக் கொடுத்தார். அந்த மாத்திரை கல்லீரலையும் தாக்கக்கூடியது ஆதலால் அவ்வப்போது சோதனையும் செய்தார்கள். கைவீக்கம் முதலில் வற்றியது. சில மாதங்களில் எட்டு என்ற எண் பதினொன்றாயிற்று. நாத்தனார் அண்ணியிடம் மன்னிப்புக் கேட்டாளா என்று நான் விசாரிக்கவில்லை. அவ்வாண்டு கிறிஸ்து பிறப்பு விழாவுக்குப் பிள்ளைகளோடு வந்திருந்தாள் என்று மட்டும் அறிந்தேன்.

இதைப் படித்துவிட்டு, கருவுற்ற பெண்கள் தமக்குத் தந்த இரும்பு மாத்திரையை மூலையில் வைத்துவிடலாகாது. நம் நாட்டுப் பெண்களில் மிகப் பலருக்கு உண்மையாகவே இரும்புக் குறைவு உண்டு. சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். ஃபெரிட்டினும் அழற்சியால் உயரக்கூடியதாகையால், எது எது என்று பிரித்தறிவது மருத்துவரின் வேலை. மருந்துக் கடைக்காரரின் வேலையன்று, பங்குச் சாமியாரின் வேலையும் அன்று.

குடும்பத் தலைவியர் அறிய வேண்டிய இன்னொன்றும் உண்டு. நாம் விழுங்கும் மருந்துகளில் பலவற்றைச் சிதைத்து வெளியேற்றுவதும் கல்லீரலே. அழற்சித் தூது வந்ததும் அந்த வேலைக்குரிய நொதிகளில் சில குறைந்துவிடுகின்றன. 1980ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் இன்ஃபுளுயன்சா பி காய்ச்சல் பரவியபோது, ஆஸ்துமாவுக்காகத் தியோஃபிலின் என்ற மருந்தை வழக்கமான அளவில் உட்கொண்டுவந்த பதினோரு குழந்தைகளுக்கு அம்மருந்தே நஞ்சாகியது. அளவு கூடவில்லை, காய்ச்சலுற்ற உடல் அதை விரைந்து வெளியேற்றவில்லை. ஆகவே, நெடுநாள் மருந்து உட்கொள்வோருக்குக் கடுங்காய்ச்சல் கண்டால், புது மருத்துவரிடம் பழைய மருந்துச் சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.

இவ்வளவும் சொன்னதால் தூதைக் குற்றவாளியாக்கிவிட வேண்டாம். எலியின் கல்லீரலில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டி எடுத்தாலும், மிஞ்சியது ஏறத்தாழ ஒரு வாரம், பத்து நாளில் பழைய அளவுக்கு வளர்ந்துவிடும் என்பது 1931 முதல் அறியப்பட்டது. இன்டர்லூக்கின்-6 இல்லாதவாறு பிறப்பிக்கப்பட்ட எலிகளில் அந்த வளர்ச்சி தடுமாறிப் பல எலிகள் மடிந்தன என்று 1996ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு காட்டிற்று. பூட்டச் சொல்லும் தூதே புதுப்பிக்கவும் சொல்கிறது.

குடியைப் பற்றியும் ஓரிரு வரி சொல்லியாக வேண்டும். கல்லீரலுக்கு வரும் குருதியில் நான்கில் மூன்று பங்கு, குடல் முதலிய செரிமான உறுப்புகளிலிருந்து வருவது. மது குடலின் சுவரைத் தளர்த்தி, கிருமிகளின் நச்சுப் பொருள் அக்குருதியில் கலக்க வழிசெய்கிறது. கல்லீரலுக்குள்ளேயே காவல் இருக்கும் குப்ஃபர் அணுக்கள் அதைக் கண்டு டி.என்.எஃப். என்னும் தூதை வெளியிடுகின்றன. நலமுள்ள கல்லீரல் உயிரணு இதைத் தாங்கும். மதுவில் ஊறிய உயிரணு மடியும். டி.ஜி.எஃப்.-பீட்டா என்னும் வேறொரு தூது, பக்கத்தில் உள்ள விண்மீன் வடிவ அணுக்களை நாரிழை பின்னச் செய்கிறது. அந்த நார் மிகுந்து, ஈரலின் அமைப்பே குலைந்து இறுகுவதைத்தான் சிரோசிஸ் என்கிறார்கள். முற்றுவதற்கு முன் குடியை விட்டவர்களுக்கு இந்த நார் ஓரளவு கரைவதும் உண்டு. ‘இனி விட்டு என்ன பயன், சாமி?’ என்று கேட்கும் நண்பர்களுக்கு நான் சொல்லும் மறுமொழி இதுவே.

இன்டர்லூக்கின்-6இன் ஏற்பியை அடைத்துவிடும் மருந்தும் இப்போது உண்டு. டோசிலிசுமாப் என்று பெயர். முடக்குவாதத்திற்குத் தருகிறார்கள். கொரோனாவால் மூச்சுத் திணறி, அழற்சியும் மிகுந்திருந்தவர்களில் இறப்பை இது ஓரளவு குறைக்கிறது என்று 2021ஆம் ஆண்டில் பிரித்தானிய ஆய்வு ஒன்று மெய்ப்பித்தது. இதை ஏற்றிக்கொண்டவரின் கல்லீரலுக்குத் தூது எட்டாது. உடலில் கிருமி புகுந்திருந்தாலும் சி.ஆர்.பி. உயராமல் இருக்கலாம், காய்ச்சல்கூடப் பெரிதாகத் தோன்றாது. கோவில் மணியின் நாக்கைக் கழற்றிவிட்ட பின் தீப்பிடித்தாலும் மணியோசை கேளாது அல்லவா? ஆதலால் இம்மருந்தைப் பெறுகிறவர்கள் எந்த மருத்துவமனைக்குச் சென்றாலும் முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும். தாளில் எண் சரியாக இருந்தாலும், உடலுக்கு முடியவில்லை என்றால் முடியவில்லை என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.